முழிப்பு மாத்திரை கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உன் நலத்தை இந்த விடுமுறை முழுக்க எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டேன், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ கேட்ட மாத்திரையை நான் அனுப்பப் போவதில்லை. எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற பிள்ளை நீ. அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் முடிவை மேலேயே எழுதிவிட்டேன். இனி மற்றதை நிதானமாகப் படி. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படி. கிழித்துப் போடாதே, இரண்டாம் தடவை எழுத எனக்குப் பொறுமை இருக்காது. இந்தக் காலத்தில் கடிதங்களை வழியில் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி சொல்கிறார். பார்க்கட்டும். அவர்கள் வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கலாம்.

நேற்றுக் காலை எஸ்டேட் கேட்டில் நடந்தது மனத்தை விட்டுப் போகவில்லை. லோரி புறப்பட நின்றது. உன் அம்மா விடியுமுன்னே எழுந்து கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் காவலுக்கு நின்றவர் உன் பையிலிருந்து எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெளியே போகக் கூடாதும்மா, எனக்கு வேற வழி இல்ல" என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வேலிக்கு உள்ளே சமைத்த ஒரு பிடி சோறு வெளியே போனால் அது காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடுகிறவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது சர்க்கார் கணக்கு. மருந்துக்கும் அதே சட்டம்தான். ஆனால் மருந்துக்கு ஒரு வழி உண்டு: மருந்தறையைப் பார்த்துக்கொள்கிற எஸ்டேட் டிரஸ்ஸர் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் கேட்டில் விட்டுவிடுவார்கள். அந்த டிரஸ்ஸர் நான். பொட்டலத்தை அம்மா கையில் வாங்கிக்கொண்டு அழுதபோது நீ அவளைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தாய். கடைசி நிமிஷத்திலாவது எடுத்துக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்தாய். காவல்காரர் காதில் விழும் தூரத்தில் நின்றதால் நான் ஒன்றும் பேசவில்லை. லோரி வளைவில் திரும்பி மறையும்வரை நீ எங்களுக்குக் கை காட்டவில்லை. எனக்கு வலித்தது தம்பி, அதை மறைக்க விரும்பவில்லை.

முந்தின நாள் மத்தியானம் மருந்தறைக்கு வந்து நீ கேட்டதை முழுவதும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் திரித்துச் சொன்னேன் என்று ஆகக் கூடாது. முதல் தேர்வில் ஒரு பாடம் போய்விட்டது, மறுபடி எழுதப் போகிறாய், அதிலும் போனால் மருத்துவப் படிப்பிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். கூடப் படிக்கிறவர்களில் சிலர் முழிப்பு மாத்திரை போட்டுக்கொண்டு படிக்கிறார்கள், உனக்கும் கொடுத்தார்கள், போட்டால் புத்தகத்தை விட்டுக் கண் நகர்வதில்லை. இப்போது அவர்களுக்கே கிடைப்பதில்லை. "அலமாரியில இருக்குதேப்பா. உங்க கையெழுத்து ஒண்ணு போதும்" என்றாய். அது தெரசாவுடைய சீசா என்றேன். "தெரசாவுக்குக் கொடுக்கிறீங்க, எனக்குக் கொடுத்தா என்ன? நான் உங்க மகன்தானே?" என்றாய். மகன்தான். அதனால்தான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றேன். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் வாசலைக் காட்டியிருப்பேன்.

தெரசா கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ படிக்கச் சிங்கப்பூர் போன பிறகு நடந்தது அது. ஆயாக் கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். கைக்குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே தூங்கிப்போவாள். பேச்சுப் பாதியில் தூங்குவாள். பெரிதாகச் சிரித்தால் கால் மடிந்து கீழே உட்கார்ந்துவிடுவாள். தொழிலாளர் லயத்தில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். கோயில் பூசாரி விபூதி போட்டார், அவளுடைய தேவாலயச் சபையிலிருந்து வந்து ஜெபம் செய்தார்கள், வேப்பிலைகூட அடித்துப் பார்த்தார்கள். நானும் இரும்புச்சத்து மருந்து கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மாதாமாதம் வந்து போகிற பெரிய டாக்டர் அவளை எதிரில் உட்கார வைத்து, குடும்பத்தை எல்லாம் விசாரித்து, நெஞ்சு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, இது சோம்பல் இல்லை, ஒரு வியாதி என்று சொல்லி அந்த மாத்திரையை எழுதினார். போட்ட பிறகு அவள் ஒன்றும் சூரப்புலி ஆகிவிடவில்லை. நீயும் நானும் மாத்திரை இல்லாமலேயே எந்த இடத்தில் நிற்கிறோமோ, அந்த இடத்துக்கு வந்து நின்றாள், அவ்வளவுதான். இப்போது தாய்மார் நம்பிக்கையோடு பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு ரப்பர் மரம் சீவப் போகிறார்கள். சீசாவில் அவள் பெயர் எழுதியிருக்கிறது. சாலையில் லோரியைச் சுடுகிற காலம் இது, அடுத்த சீசா எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உனக்கு நான் கொட்டிக் கொடுத்தால் அவள் கையில் இருக்கிற குழந்தை கீழே விழும். யாருடைய குழந்தை என்பதுதான் தெரியாது.

அந்த மாத்திரை ஒழிக என்று நான் சொல்லவில்லை என்பது இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்கிற பழமொழியையும் சொல்லப் போவதில்லை, அதை இங்கே துணி வெளுக்கிறவர்கூடச் சொல்வார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வந்த முதல் நாளே பார்த்தேன். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வருகிற மீன்காரரிடம் சொல்லிவைத்து, உனக்குப் பிடித்த செனாங்கின் மீனை வாங்கி அம்மா குழம்பு வைத்திருந்தாள். நீ தட்டைத் தொடவில்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, மணிக்கட்டில் இருக்கும் ஒரு சின்ன எலும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். படகு மாதிரி இருக்குமாம், அதற்கு ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, உடைந்தால் ஏன் ஒட்டாது என்று குழம்பு ஆறி ஆடை கட்டும்வரை சொன்னாய். உன் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "என் பிள்ளை என்னமா பேசுறான் பாருங்க!" என்று என் தோளை இடித்தாள். நன்றாகத்தான் பேசினாய், ஒரு பிழை இல்லை. பிறகு நான் சும்மா, "முழங்கை?" என்று கேட்டேன். "அதுக்கு இன்னும் வரலைப்பா" என்றாய். தோள்பட்டை? "கேள்வி கேட்டே கொல்லாதீங்க!" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். அம்மா அன்று முழுக்க, குழம்பில் உப்புக் கூடிவிட்டதோ, சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக்கு நாக்குப் பழகிவிட்டதோ, யாரையாவது மனத்தில் வைத்திருக்கிறானோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு முனியாண்டி ஞாபகம் வந்தது.

முனியாண்டியை உனக்குத் தெரியும், உனக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். இந்த எஸ்டேட்டில் அவன் கை மாதிரி ஒரு கை கிடையாது. பால் மரம் சீவுவதில் சூட்சுமமே ஆழம்தான். பட்டையைச் சீவினால்தான் பால் வரும், பட்டைக்குக் கீழே கட்டையில் கத்தி பட்டுவிட்டால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. கத்தி கட்டையைத் தொடுவதற்கு மயிரிழை முன்னால் கை நிற்க வேண்டும். முனியாண்டிக்கு அது பழக்கமாகவே ஆகியிருந்தது. அவன் சம்சாரம் செல்லம்மாவுக்கும் ரோட்டோரமாக ஒரு நல்ல நிரை, சீவுவதற்கென்று ஒதுக்கின மர வரிசை. அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது அந்த நிரையை வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று, "நானே ரெண்டையும் சீவிடுறேன் மண்டோரே" என்று வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோரிடம் இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். அதே சமயம்தான் சோறு வெளியே போகக் கூடாது என்ற சட்டம் வந்தது. முன்பெல்லாம் மரம் சீவி முடித்து, பால் எடுக்கும்வரை நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவார்கள். இப்போது விடியலில் குடித்த தேத்தண்ணியோடு மத்தியானம்வரை நிற்க வேண்டும், அதுவும் இரண்டு நிரைக்கு. கேட்டுக் காவலில் இருந்த யாரோ ஒருவர் இவன் படும் பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, காட்டு ரோந்துக்காகத் தங்களுக்குக் கொடுத்த மாத்திரையில் கொஞ்சம் கொடுத்திருக்கிறார். பசி எடுக்காது, அசதி வராது என்று சொல்லி. சோற்றைத் தடுத்த அதே கேட்டில்தான் இது நடந்தது. நம் ஆட்கள் வெள்ளை மாத்திரை எதுவாக இருந்தாலும் சத்து மாத்திரை என்று நினைத்துக்கொள்வார்கள். இவனும் அப்படித்தான் விழுங்கினான்.

முதல் சில நாள் எல்லாரும் அவனைப் பாராட்டினார்கள். பிறகு ஒரு நாள் காலையில் மண்டோர் அலறிக்கொண்டு என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். நான் போனபோது செல்லம்மாவின் நிரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

"டேய் முனியாண்டி, என்னடா பண்ணி வச்சிருக்கே? மரத்துல எலும்பு தெரியுதுடா!"

முனியாண்டி வேர்த்து வழியச் சிரித்துக்கொண்டு நின்றான். "நல்லாப் பாருங்க மண்டோரே. ஒரு கோடு கோணலா இருக்குதா? சொல்லுங்க லா, இருக்குதா?"

இல்லைதான். அவ்வளவு நேரான வெட்டை நான் பார்த்ததில்லை. மரத்துக்கு மரம் ஒரே சாய்வு. ஆனால் ஒவ்வொரு வெட்டும் கட்டைவரை போயிருந்தது. பாதி மரங்களில் பால் பிடிக்கிற மங்கு வைக்க மறந்திருந்தான், பால் பட்டையோடு வழிந்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. மருந்தறைக்குக் கூட்டிவந்து நாடி பார்த்தால் எண்ணவே முடியவில்லை. "ஐயா, எனக்கு ஒண்ணும் இல்லைங்க. வேலைன்னா என்னன்னு இன்னைக்குத்தாங்க தெரிஞ்சிச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உடம்பிலிருந்து மருந்து இறங்கியதும் செத்தவன் போலத் தூங்கினான். எழுந்து, நான் வேண்டாம் என்றும் கேட்காமல் நிரைக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். வெட்டில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். "நான்தானாங்கய்யா சீவுனேன்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். செல்லம்மாவின் நிரையும் போயிற்று, அவன் நிரையும் போயிற்று. எதைக் காப்பாற்ற மாத்திரை போட்டானோ அதுதான் கையை விட்டுப் போனது. இப்போது இரண்டு பேரும் புல்வெட்டு வேலையில் இருக்கிறார்கள்.

இந்த மரங்களை உனக்குக் காட்டத்தான் விடுமுறையில் உன்னை அங்கே நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். காயம் பட்ட இடமெல்லாம் முண்டு முண்டாக வீங்கி நிற்பதை நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டு, "அவருக்கு அளவு தெரியாதுப்பா, எனக்குத் தெரியும்" என்றாய். அப்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து, "பெரிய டாக்டர்தான் போ" என்று திரும்பி நடந்துவிட்டேன். அது பதில் இல்லை. உட்கார்ந்து யோசித்துவிட்டு இப்போது சொல்கிறேன். அளவு உனக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். மருந்தைப் பற்றி என்னைவிட உனக்கு அதிகம் தெரியும், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் முனியாண்டிக்கும் மரம் சீவத் தெரியும், தெரியாமல் அவன் வெட்டவில்லை. இத்தோடு போதும் என்று உள்ளே ஒன்று கைக்குச் சொல்லும் இல்லையா, அதைத்தான் மாத்திரை வாயடைத்துவிட்டது. அதனால்தான் மண்டோர் காட்டியும் அவன் கண்ணுக்குக் காயம் தெரியவில்லை, கோடு மட்டும் தெரிந்தது. நீயும் மணிக்கட்டிலேயே நின்றுவிட்டாய், தம்பி. மங்கு வைக்காத மரங்கள் மாதிரி முழங்கையும் தோள்பட்டையும் கிடக்கின்றன. கேட்டால் கோபம் வருகிறது. அளவு தெரிந்த உனக்கு இது ஏன் தெரியவில்லை?

உன்னை மட்டும் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. நீ முதன்முதலாகப் புறப்பட்ட அன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களத்தில் மொத்த எஸ்டேட்டும் நின்று உனக்கு மாலை போட்டது. அன்றிலிருந்து உன் பெயரை யாரும் சொல்வதில்லை, சின்ன டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பாடம் போய்விட்டது என்று நீ எழுதியபோது அதை அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அந்த மாலை உன் கழுத்தில் எவ்வளவு கனக்கிறது என்று நேற்று லோரி போன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். இன்று காலை பிரட்டில் மண்டோர், "சின்ன டாக்டர் எப்படிங்க?" என்று கேட்டார். "ஒரு பாடத்துல தோத்துட்டான், மறுபடி எழுதப் போறான்" என்றேன். "அதுக்கென்ன, மழை பேஞ்சா நாமளும்தான் மறுநாள் சீவுறோம்" என்று சொல்லிவிட்டுப் பெயர் கூப்பிடப் போய்விட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இப்போது அப்பாவாக இல்லாமல் டிரஸ்ஸராகச் சொல்கிறேன். மாத்திரை மிச்சம் இருந்தால் நீயும் போடாதே, யாருக்கும் கொடுக்காதே. நிறுத்தினால் உடம்பு விட்டுப்போன தூக்கத்தை எல்லாம் வட்டியோடு கேட்கும், கொடு. பசி திரும்பும், சாப்பிடு. சில நாள் மனம் பாழடைந்து கிடக்கும், நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றும். அது மருந்து இறங்குகிற குணம், உன் குணம் இல்லை. அந்த நாள்களில் தனியாக இருக்காதே, அறையில் கூட இருக்கிறவனிடம் வெட்கப்படாமல் சொல்லி வை. நெஞ்சு படபடப்பு நிற்காவிட்டாலோ, மனம் ரொம்ப இருண்டாலோ உடனே டாக்டரிடம் போ. போனால் ஒளிக்காமல் சொல். உண்மையிலேயே உனக்குப் புத்தி நிலைகொள்ளாத ஒரு குறை இருக்கிறது என்று அவர் பார்த்துக் கண்டுபிடித்து மருந்து எழுதினால், உன் பெயர் எழுதின சீசா வரட்டும். எத்தனை சீட்டுக்கு வேண்டுமானாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன். தெரசாவுக்கு ஒரு நியாயம் உனக்கு ஒரு நியாயம் என்று வைக்க மாட்டேன்.

நேற்றுக் கேட்டில் திரும்பி வந்த புளிச்சோற்றை அம்மா மூடியே வைத்திருந்தாள். சாயங்காலம், "அவனுக்குக் கட்டுனது, நான் எப்படிங்க சாப்பிடுறது?" என்றாள். அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "அப்ப என் குழம்பு நல்லாத்தான் இருந்திச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு இரண்டு பேரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம்.

தேர்வை எழுது. தெரிந்ததை எழுது, தூக்கம் வந்தால் தூங்கிவிட்டுப் போய் எழுது. தேறினால் தந்தி அடி. தேறாவிட்டால் தந்தி வேண்டாம், அன்றைக்கே ரயில் ஏறிவிடு. கோலசிலாங்கூருக்கு வந்துவிட்டால் நம் லோரி நிற்கும். கேட்டில் உன் பெட்டியைத் திறப்பார்கள், பையைத் தடவுவார்கள், அது அவர்கள் வேலை. நாங்கள் இரண்டு பேரும் வேலிக்கு உள்ளே நிற்போம். சோற்றை வெளியே கொண்டுபோகத்தான் தடை, தம்பி. உள்ளே வந்து சாப்பிட யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

உன் அப்பா